தாளாளருக்கு மூன்று பெருக்கல் குறி

நான் படித்த காலம் முழுவதும் ஒருநாள்கூட என் பெயர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ பட்டியலில் வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு தடவை. அப்போது நான் அந்த வகுப்பின் ஆசிரியை.

வீட்டுக்கு ஒருவர் சவுதிக்கோ சிங்கப்பூருக்கோ போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பாக்கள் விமானம் ஏறினார்கள், பிள்ளைகள் கழுத்தில் டை ஏறியது. குத்தாலம் பக்கத்தில் கலியமூர்த்தி ஐயா என்பவர் தன் அரிசி ஆலையை மூடிவிட்டு அதே கட்டடத்தில் மெட்ரிக் பள்ளி தொடங்கியிருந்தார். நெல் ஊறவைத்த தொட்டிகளுக்கு மேல் பலகை போட்டு எல்.கே.ஜி. நடந்தது. மழை நாளில் மொத்தப் பள்ளியும் தவிட்டு வாசனை அடிக்கும். தாளாளரும் அவரே, தலைமை மேஸ்திரியும் அவரே.

தரங்கம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே வேலைக்குப் போனேன். எஸ்தர் மிஸ், வயது இருபத்திரண்டு, பி.எட்.டில் குழந்தை உளவியலில் முதல் மதிப்பெண். (இதை யாரும் கேட்காமலே சொல்வேன். இப்போதும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.) எனக்கு ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. கூடவே ‘ஒழுங்குப் பொறுப்பாளர்’ என்று ஒரு பட்டமும் கிடைத்தது. அதைக் கேட்ட அன்றே ஒரு பிரம்பு வாங்கினேன். அடிப்பதற்கு இல்லை, கையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு.

வகுப்பு லீடர் செந்தில், தாளாளரின் பேரன். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது லீடரின் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நான் உள்ளே வந்ததும் பட்டியலைப் பார்த்து, பெயர் உள்ளவர்களை ஒரு பீரியட் நிற்க வைப்பேன். மூன்று குறிக்கு மேல் என்றால் ‘நான் வகுப்பில் பேசமாட்டேன்’ என்று நூறு தடவை எழுதிவர வேண்டும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்கு ஒரே பெருமை.

பட்டியலில் தவறாமல் முதல் பெயர் நஸ்ரின். ஒல்லியான பெண். நான் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ‘ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகொண்டு என் முதுகுக்குப் பின்னால் என்ன ஆட்டம் போடுகிறாள் பார்’ என்று நினைத்துக்கொள்வேன். இதுதான் நான் முதல் மதிப்பெண் வாங்கிய உளவியல்.

ஒருநாள் அவள் அம்மா வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘நான் வகுப்பில் பேசமாட்டேன்’.

“மிஸ், தப்பா நெனைக்காதீங்க. எம் புள்ள வீட்லயே வாயத் தொறக்காது. வெள்ளிக்கெழம அவ அத்தா சவுதிலேருந்து பக்கத்து வீட்டுக்கு போன் போடுவாங்க. இவ ரிசீவரக் காதுல வச்சுக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டுவா. அவங்க அங்கேருந்து ‘லைன் கட்டாயிடுச்சா’ன்னு கத்துவாங்க. அப்படியாப்பட்ட புள்ள இங்க வந்து தெனமும் என்னதான் மிஸ் பேசுது?”

நோட்டை வாங்கிப் புரட்டினேன்.

“எழுதி எழுதி வெரல் வீங்கிப்போச்சு. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்” என்றார்.

“ஒரு மாசம் டைம் குடுங்கம்மா” என்று கெஞ்சினேன். பெயர் எழுதுகிறவன் அவன்தானே என்று மறுநாள் செந்திலின் பையைத் திறந்தேன். பழக்கடை மாதிரி மணம் வீசியது. பதினொரு வாசனை ரப்பர், மூடியில் காந்தம் வைத்த பென்சில் பாக்ஸ் ஒன்று. எல்லாம் நஸ்ரினுடைய அத்தா சவுதியிலிருந்து அனுப்பியவை. அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் பெயரை எழுதுவான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். ரப்பர் கொடுத்தால் சட்டைக் கையால் துடைத்துவிடுவான். கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத நாளில் நாலு பெருக்கல் குறி. பிடுங்கியது அவன்தான். ஆனால் தினம் தினம் அவளை நிற்க வைத்தது யார்? ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். பிரம்பை அன்றே பரணில் தூக்கிப் போட்டேன்.

அழுது முடித்ததும் மறுபடி உளவியல் தலைக்கேறியது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுத்தால் தைரியம் வரும் என்று படித்திருந்தேன். செந்திலை எடுத்துவிட்டு நஸ்ரினை லீடராக்கினேன். வகுப்பு முன்னால் சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, மேடையில் பேசுவதுபோல் நீட்டி முழக்கினேன்.

“யார் பேசினாலும் எழுது. பெரியவங்க, சின்னவங்க, வேண்டியவங்க, வேண்டாதவங்க எதையும் பாக்காத. நான் பேசினாகூட எழுது!”

அந்தக் கடைசி வரி ஒரு கைதட்டலுக்காகச் சொன்னது. அவள் வழக்கம்போல் தலையை ஆட்டினாள்.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். “ஏம்மா எஸ்தரு, என் பேரன எடுத்துட்டியாமே? ரப்பர் விஷயம் காதுக்கு வந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் புள்ள பேசவே பேசாதாம். வர்ற இன்ஸ்பெக்‌ஷன்ல மானம் போச்சுன்னா? அங்கீகாரம் போச்சுன்னா நான் திரும்ப நெல்லுதான் அவிக்கணும். ஏதாவது ஏடாகூடமா ஆச்சு, நீயும் கெளம்பு, அந்தப் புள்ளையும் கெளம்பட்டும்.”

நஸ்ரின் லீடர் வேலையை எப்படிப் பார்த்தாள் தெரியுமா? முதல் வாரத்தில் ஒருநாள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்: நஸ்ரின். பக்கத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டாளாம்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. தாளாளர் பட்டு ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, கல்வி அதிகாரியை என் வகுப்புக்கு அழைத்து வந்தார். பாடம் பிரமாதமாக முடிந்தது. அதிகாரி பிள்ளைகளைப் பார்த்து, “நாங்க ரெஜிஸ்டர் பாக்கணும். அஞ்சு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, சரியா?” என்றார். நஸ்ரின் எழுந்து போய்ப் பலகை ஓரமாக நின்றாள்.

பெரியவர்கள் மூவரும் வகுப்பின் பின்பக்கம் போனோம். அதிகாரி ரெஜிஸ்டரைத் திறந்தார், அத்தோடு சரி. “குறுவைக்குத் தண்ணி வந்து சேந்துச்சா?” என்று கேட்டுவிட்டார். டெல்டாக்காரரிடம் இதைக் கேட்கலாமா? தாளாளர் மேட்டூரில் ஆரம்பித்துக் கடைமடை வரை பாய்ந்தார். அதிகாரி என் ஊரைக் கேட்டார். தரங்கம்பாடி என்றதும் மீன். வஞ்சிரத்தில் தொடங்கி மத்தி வரை நானே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

நடுநடுவே சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எனக்குப் பூரிப்பு. யாரோ பேசுகிறார்கள், என் லீடர் எழுதுகிறாள்! அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“சார், எங்க வகுப்புல ஒழுங்கு எப்படின்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க” என்றேன்.

மூவரும் திரும்பினோம்.

பேசியவர்கள்
1. புது சார் ××
2. தாளாளர் ஐயா ××
3. எஸ்தர் மிஸ் ××××

நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் தோன்றியது, ஓடிப்போய் அழித்துவிடலாம் என்பது. அடுத்துத் தோன்றியது, ‘பிள்ளை விளையாட்டு சார்’ என்று பழியை அவள் மேல் போட்டுவிடலாம் என்பது. தைரியம் என்ற சங்கதி மாயவரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டது போலிருக்கிறது, வரவே இல்லை.

எனக்கு முன் தாளாளர் பாய்ந்தார். டஸ்டர் தேட நேரமில்லை, ஜரிகைத் துண்டாலேயே துடைத்தார். பதற்றத்தில் தன் பெயரை மட்டும் துடைத்துவிட்டு, அதே துண்டால் வேர்வையையும் துடைத்துக்கொண்டார். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது.

“உங்க பேரை மட்டும் அழிச்சிட்டீங்களேய்யா!” என்றார் அதிகாரி.

அப்போதுதான் நஸ்ரின் நகர்ந்தாள். சாக்பீஸோடு பலகைக்கு நேரே வந்து நின்றாள். காலியாக இருந்த இரண்டாம் இடத்தில் ‘தாளாளர் ஐயா’ என்று மறுபடி எழுதினாள். இந்தத் தடவை மூன்று பெருக்கல் குறி.

“ஏய்!” என்றார் தாளாளர்.

“நிக்காம அழிக்கக் கூடாது ஐயா” என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம். அடுத்ததும் உடனே வந்தது. “யாரா இருந்தாலும் எழுதணும்னு மிஸ்தான் சொன்னாங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், “ஆமா சார், நான்தான் சொன்னேன்” என்றேன். குரல் எலிக்குஞ்சின் குரல்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“பேர் எழுதினா என்ன தண்டனை?” என்று கேட்டார் அதிகாரி.

“நிக்கணும் சார்!” செந்திலின் குரல்தான் எல்லோருடையதையும் விட ஓங்கிக் கேட்டது.

அதிகாரி ரெஜிஸ்டரை மூடினார். சுவர் ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நின்றபின் தாளாளர் நிற்காமல் முடியுமா? அவருக்குப் பக்கத்தில் நான். மணி அடிக்கும்வரை பத்து நிமிடம் மூவரும் நின்றோம். அந்தப் பத்து நிமிடம் யாரும் தண்ணீரைப் பற்றியோ மீனைப் பற்றியோ பேசவில்லை. நாலு குறி வாங்கியிருந்ததால் நான் நூறு தடவை வேறு எழுதினேன். நஸ்ரின் எண்ணிப் பார்த்தாள்.

போகும்போது அதிகாரி அவளிடம், “அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். நீ இங்கதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவளும் கிளம்பவில்லை, நானும் கிளம்பவில்லை. ஆனால் மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் தாளாளர் கர்ஜித்தார்: “இனிமே எந்த கிளாஸ்லயும், எவனும், எவன் பேரையும் போர்டுல எழுதக் கூடாது!” என் உளவியலால் ஆகாதது அவருடைய கோபத்தால் ஆயிற்று. பெயர் எழுதி ரப்பர் பிடுங்கும் வழக்கம் மொத்தப் பள்ளியிலும் அன்றோடு ஒழிந்தது.

மறு வருடம் தரங்கம்பாடியில், எங்கள் தேவாலயத்தில் எனக்குக் கல்யாணம். போதகர் பிரசங்கத்தை முடிக்கிற வழியாக இல்லை. பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு துண்டுச்சீட்டு வந்தது. நாலாவது வரிசையில் நஸ்ரினும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டில், ‘பேசியவர்: போதகர் ×××××’. நான் சிரிப்பை அடக்க, கண்ணில் தண்ணீர் வர, பெண் அழுகிறாள் என்று என் மாமியார் கைக்குட்டை நீட்டினார். மாப்பிள்ளை மட்டும் சீட்டை எட்டிப் படித்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டர் முழுக்கப் பெருக்கல் குறிதான். இப்போதுகூட, இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்று கேட்டபடி வந்த என் கணவர், இதைக் கடைசிவரை படித்தார். பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தின் மேலே ‘எஸ்தர் மிஸ்’ என்று எழுதி நாலு குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எழுந்து நின்றுதான் இந்த வரியை எழுதுகிறேன்.