மாப்பிள்ளை விட்டுப் போன கிட்டார்

சித்தூர்,
வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி.

திருப்பதியில் இருக்கும் அன்பு மைத்துனன் சுனிலுக்கு, உன் அக்காள் ஜெயசீலியின் கணவன் சுந்தர்ராஜ் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உன் அக்காள் சுகம், மகள் தபிதா சுகம், வாசலில் வைத்த கறிவேப்பிலைச் செடியும் சுகம். நான் சுகமில்லை. அங்கே நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் நீ மட்டுமாவது சுகமாக இரு. எனக்கு இப்போது உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. வாட்ஸப்பில் எழுதினால் உனக்கு முன்னால் உன் பிள்ளைகள் படித்துவிடுகின்றன. அதனால் ஐந்து மணி பஸ்ஸில் டியூட்டிக்குத் திருப்பதி போகும் எதிர்வீட்டு ஹேமநாத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அக்காள் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், நாலரைக்கு வந்துவிடுவாள். தபிதா குடிபாலா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து ஐந்தரைக்கு வருவாள். அதற்குள் முடிக்க வேண்டும். தாளில் அங்கங்கே கறுப்பாக விரல் அடையாளம் இருக்கும். பயப்படாதே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ஜெர்ரி ஒரு கிட்டார் வாசித்தாரே, நினைவிருக்கிறதா? சம்பந்தி ஜெயபிரகாஷ் சார் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாரே, "எங்க தாத்தா காலத்து கிட்டாரு சார். வெரலு வெச்சு அழுத்துற பலகையைப் பாருங்க, ஒரிஜினல் கருங்காலி. இப்ப எவ்ளோ குடுத்தாலும் கெடைக்காது" என்று. நீயும் வாயில் லட்டை வைத்துக்கொண்டு தலையாட்டினாய். அன்று மாலை திருமலைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டதால், மூன்றாவது திருமண அறிக்கை வாசிக்கிற ஞாயிறு உங்கள் சபையில்தானே கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று மாப்பிள்ளை அதை நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறு நாளை மறுநாள். போதகர் இரண்டு முறை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்டாயிற்று, யாரும் சொல்லவில்லை. மூன்றாவது முறை சம்பந்தியே எழுந்து நிற்பார் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று இருந்தது. மாப்பிள்ளை பொருளாச்சே, பளபளவென்று திருப்பிக் கொடுப்போமே என்று நினைத்தேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன், கறை என்று ஒன்று என் கையில் தப்பியதில்லை, அது உனக்கே தெரியும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை விரல் அழுக்கு என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு பஞ்சு, அதுவும் கறுப்பு. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து உன் அக்காள் குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க அது, காலைலருந்து அங்கியே ஒக்காந்து தேய்ச்சிக்கினு கீறீங்க?"

"தூசி."

"மாப்ள பொருளுங்க. கை வெக்காதீங்க, சொல்லிட்டேன்."

அவள் சொன்னபோது பாதிப் பலகை போய்விட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி உரித்த பலாக்கொட்டை நிறம். ஸ்பிரிட் போடுவதற்கு முன் ஒரு மூலையில் சோதித்துப் பார் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன், அதெல்லாம் ஊருக்கு உபதேசம்.

வீட்டில் கறுப்பு என்று இருந்தது, கல்யாணத்துக்காக நான் வாங்கி வைத்திருந்த தலைச்சாயம் இரண்டு பாக்கெட்தான். புதன்கிழமை உன் அக்காள் மார்க்கெட் போன நேரத்தில் இரண்டையும் குழைத்துப் பூசினேன். அரைமணி நேரம் கழித்துத் தண்ணீரில் அலசவும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. தலையை அலசலாம், கிட்டாரை எங்கே கொண்டுபோய் அலசுவது? ஈரத்துணியால் துடைத்தேன். வெளுத்த பாதி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. போதாததற்கு, விரல் வைக்கும் இடம் தெரிவதற்காகப் பலகையில் வெள்ளையாகப் புள்ளிகள் பதித்திருப்பார்களே, அவையும் கத்தரிக்காய் ஆகிவிட்டன.

நேற்று அதைப் போர்வையில் சுற்றி, ஜுரத்தில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, நாற்காலி மேஜைக்குப் பாலிஷ் போடும் சிட்டிபாபுவிடம் போனேன். அவன் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு, இது கருங்காலியே இல்லை என்று பாதித் தெலுங்கில் அடித்துச் சொன்னான்.

"கருங்காலி காது சார் இதி. அதுன்னா உள்ள வரைக்கும் கறுப்பா இருக்கும். இது ஏதோ வெள்ள மரம், மேல சாயம் பூசிக்கீறாங்க. எவுரு செப்பினாரு உங்களுக்கு கருங்காலின்னு?"

யார் என்று எப்படிச் சொல்வேன்? சாயம் போய்விட்டது என்று சம்பந்தியிடம் சொன்னால், உங்கள் கருங்காலி பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். சொல்லாவிட்டால், மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா சொத்தைத் தேய்த்து அழித்தவன் நான். இரண்டு பக்கமும் இடி. மனிதர் லேசுப்பட்டவரும் இல்லை. நிச்சயத்தன்று நான் கை நீட்டினேன், அவர் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். அவர் விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருந்தது. கேட்டதற்கு, "நாவப்பழம் துன்னேன் சார், கறை போவல" என்றார். பெண் வீட்டுக்காரனுக்குக் கை கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்? இல்லாத கருங்காலியை இருக்கிறது என்று சபை நடுவில் சொன்னவருக்கு அத்தனை கௌரவம்.

சிட்டிபாபு ஒரு சின்னக் குப்பியில் கறுப்புச் சாயம் கொடுத்து வழியும் சொன்னான். தந்தியெல்லாம் கழற்று, இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டு, துணியில் துளித்துளியாகத் தொட்டுப் பூசு, உடனே துடை, காயவிடு, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். இன்று உன் அக்காள் வாசல் தாண்டியதும் அப்படியே செய்தேன். இப்போது பலகை முழுக்க ஒரே கறுப்பு, நல்ல கறுப்பு. ஆனால் தொட்டால் கையில் ஒட்டுகிறது. கழற்றிய ஆறு தந்தியும் சுருண்டு கிடக்கின்றன, எது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை நாளை சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு வருகிறார்.

சுனில், போன வருஷம் மோதிரம் வரைக்கும் வந்த சம்பந்தம், யாருக்கு முதலில் மாலை போட்டார்கள் என்கிற சண்டையில் நின்றுபோனதை நீ மறந்திருக்க மாட்டாய். தபிதா அதற்குப் பிறகு நாலு மாசம் பாடகர் குழுவுக்கே போகவில்லை. இந்த இரண்டு வாரமாகத் துணி உலர்த்தும்போது வாய்க்குள் பாடுகிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறேன். என் கையால் அது நின்றுபோனால் நான் எப்படிடா அவள் முகத்தைப் பார்ப்பேன்?

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக்கு மாப்பிள்ளையை இங்கே வரவிடாதே. அவரும் உங்கள் ஊர்க்காரர்தானே, மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் உன் ஸ்கூட்டர் நின்றுவிட்டது என்று கூப்பிடு. நிற்காவிட்டால் எதையாவது பிடுங்கிப்போட்டு நிறுத்து. இருட்டுகிற வரைக்கும் தள்ளவிடு. ஞாயிறு காலைக்குள் சாயம் காய்ந்துவிடும். தந்தி மாட்டத் தெரிந்த ஒருவரையும், வாய் திறக்காதவராகப் பார்த்து, முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பு.

கர்த்தர் உன் ஸ்கூட்டரையும் உன் குடும்பத்தையும் ஒரு குறைவும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
கை கறுத்த உன் மாமா,
சுந்தர்ராஜ்.

பின்குறிப்பு: மணி இப்போது நாலு. மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் சம்பந்தி. தனியாக, ஒரு மஞ்சள் பையோடு. கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சைக் காட்ட வந்தாராம். உட்காரக்கூட இல்லை, "ஜெர்ரி கிட்டாரு எங்க சார்? சும்மா ஒரு தபா பாத்துட்டுப் போறேன்" என்றார். நான் கையைப் பின்னால் மறைத்தேன், அவர் பையைப் பின்னால் மறைத்தார், இரண்டு பேரும் அப்படியே கூடத்தில் நின்றோம். பிறகு அவர் தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு வந்த சம்பந்திக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியுமா? சொம்பை நீட்டினேன். அவர் சொம்பை வாங்கவில்லை. என் விரலையே பார்த்தார்.

"நாவப்பழமா சார்?"

"ஆமாம்" என்றேன்.

மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து பஞ்சை எடுத்தார், ஒரு பாக்கெட் எடுத்தார். நான் தலைக்குப் போடும் அதே சாயம்.

"நிச்சயத்துக்கு மொத நாளு நான்தான் சார் பூசினேன். பலகை வெளுத்துப் போய் கெடந்துச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க எதிர்ல மட்டமாத் தெரியக் கூடாதுன்னு. கருங்காலின்னு எப்பிடியோ வாயில வந்துடுச்சு. ரெண்டு வாரமாத் தூக்கமில்ல சார். தபிதா தொட்டுக் கையில ஒட்டிக்கினா நாங்க எங்க போய் மூஞ்சி வெச்சிக்கிறது? ஜெர்ரிக்குக்கூடத் தெரியாது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த பஞ்சால் ஒட்டுகிற சாயத்தை ஒற்றியெடுத்து, புள்ளிகளை வெளுக்கத் துடைத்து, போனில் வீடியோ பார்த்து ஆறு தந்தியையும் மாட்டினோம். போகும்போது கை கொடுத்தார். கெட்டியாகக் கொடுத்தார்.

ஆகவே மேலே அவரைப் பற்றி எழுதியதெல்லாம் வாபஸ். ஸ்கூட்டரைக் கெடுக்க வேண்டாம், மாப்பிள்ளை தாராளமாக வரட்டும். அந்தப் பலகை ஒரிஜினல் கருங்காலி. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து சாட்சி சொல்வேன். உன் அக்காளுக்கு மட்டும் மூச்சு விடாதே. கை கழுவிவிட்டு வந்து உறையில் போடுகிறேன்.

இன்னொன்று: கை கழுவ அரைமணி ஆனது, கறை போகவில்லை. அதற்குள் உன் அக்காள் வந்துவிட்டாள். கடிதம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடைசித் தாளின் பின்பக்கத்தில், ஞாயிறன்று நீ வாங்கி வர வேண்டிய சாமான்களை எழுதிவிட்டாள். எனக்குக் காபி மட்டும் கொடுத்தாள். திருப்பி, ஏழாவது வரியைப் பார்: தலைச்சாயம், நாலு பாக்கெட். இவருக்கு இரண்டு, சம்பந்திக்கு இரண்டு.