சிவப்பு மூலை அட்டை

இனி ஞாயிற்றுக்கிழமை எவன் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று ஒரு நாள் சபதம் செய்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய சபதம்.

அப்போது நான் போலீஸ் கன்ட்ரோல் ரூமில் ஏட்டு. கம்ப்யூட்டர் வராத காலம். நீளமான மரப்பெட்டி ஒன்று, அதில் தெருவாரியாக எச்சரிக்கை அட்டைகள். எந்த வீட்டில் கத்தி, எங்கே கடிநாய், யார் குடித்தால் கல் எறிவார் எல்லாம் குறித்து, மூலையில் சிவப்பு மை பூசி வைப்பேன். ஜீப் கிளம்பும்போது ஒயர்லெஸ்ஸில் படிப்பேன். "அந்த வீட்டுக்குத் தனியா போகாதீங்கப்பா, ரெண்டு பேரா போங்க." அந்தக் கரகரப்பு இன்றும் காதில் இருக்கிறது. என் குரலை நம்பி ஆட்கள் முழுசாக வீடு திரும்பிய காலம். அதற்காக இப்போதும் மனசு ஏங்குகிறது.

ஒரே குறை. ஓய்வு நாளில் நான் கண்ணை மூடினால் போதும், ஆள் குறைவு என்று வாசலில் ஜீப் வந்து நிற்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கே ஓர் அட்டை எழுதினேன். "இவ்வீட்டு அம்மாள் பாத்திரம் எறிவார். குறி தப்பாது. கதவைத் தட்ட வேண்டாம்." சிவப்பு மையைத் தாராளமாகவே பூசினேன்.

ஆறு ஞாயிறு, சொர்க்கம்! ஜீப் தெருமுனையோடு திரும்பிப் போனது. நான் படுத்த இடத்திலிருந்தே மணிக்கொரு டீ கேட்டேன்.

ஏழாவது ஞாயிறு ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். புது அட்டை என்றால் நேரில் விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அதைச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

"நீங்க பாத்திரம் எறிவீங்கன்னு உங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரும்மா. பொய்யா இருந்தா அவர் வேலை போயிடும்."

என் மனைவி ஒரு ஸ்பூனைக்கூட எறிந்தவள் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"உண்மைதாங்க."

"யார் மேல எறிவீங்க?"

"வேற யாரு? இவர் மேலதான். அதுவும் ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு என்னதான் ஆகுமோ! கையில கிடைச்சது பறக்கும்."

வேலையைக் காப்பாற்றிய மகராசி என்று கண் கலங்கினேன். மறுநாள் உத்தரவு வந்தது. ஏட்டின் பாதுகாப்பு கருதி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வீட்டில் விடக்கூடாது. பகல் முழுக்க ஸ்டேஷனில் வைத்திருக்க வேண்டும். சும்மா இருப்பானேன் என்று கையில் ஒயர்லெஸ்ஸையும் கொடுத்தார்கள்.

ஓர் அட்டைக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். யாராவது எழுதிக் கேட்டால் மட்டுமே நீட்டிப்பார்கள். என் அட்டை பதினோரு தடவை நீண்டது. அந்த ஞாயிறுகளில் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் தூக்கம் போனது போனதுதான். எங்கள் இன்ஸ்பெக்டர்தான் எழுதிக் கேட்டு எனக்குக் குழி பறிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற அன்று, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று என் அட்டையின் ஃபைலைக் கொடுத்தார் எழுத்தர். உள்ளே பதினோரு மனுக்கள். "ஐயா, என் கோபம் இன்னும் தணியவில்லை." மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கும் அதே குண்டு குண்டான கையெழுத்து!

வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன இது? பதினோரு வருஷம்! நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"அன்னிக்கு உங்க வேலையைக் காப்பாத்தினேன்ல?"

"சரி, அது அன்னிக்கு. இந்தப் பதினோரு மனு எதுக்கு?"

நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணாமாங்க?"