மரையில் வராத மின்சாரம்

உயிரைக் கொடுத்தாவது இந்த ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது என்று குமாஸ்தா தீர்மானித்தார். கொடுப்பதுபோல் காட்டினாலே போதும் என்பதுதான் திட்டம்.

மச்சினனின் புது வீட்டில் பதினொரு திருகு விளக்குகள் மாட்ட வேண்டியிருந்தது. தையல் கூடத்தில் எட்டு மோட்டார்களை அடக்கி ஆளும் மனைவி, இவரைக் கேட்காமலே இவர் ஞாயிற்றுக்கிழமையைத் தம்பிக்குத் தாரை வார்த்துவிட்டாள்.

குமாஸ்தாவிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் தன் வீட்டுக் கூடத்து பல்பைத் திருகும்போது அதன் உலோக மரை அவர் விரலைச் சுள்ளென்று கடித்தது. விசாரித்ததில் காரணம் புரிந்தது. மின்சாரம் வரும் லைன் ஒயர் ஹோல்டரின் நடுப்பின்னுக்கும், நியூட்ரல் மரைக்கும் போக வேண்டும், இங்கே தலைகீழ். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உலகில் எந்தப் பழுதும் இத்தனை பாசத்தோடு பாதுகாக்கப்பட்டிருக்காது.

ஞாயிறு காலையில் கூடத்து விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினார். விரலை மரையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதும் உதறி, சோபா இருக்கும் பக்கமாகப் பார்த்து விழுந்தார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"எங்க தொட்டீங்க?"

"மரையைத்தான். தோள் வரைக்கும் இழுத்துடுச்சு. உன் தம்பிய ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுக்கச் சொல்லும்மா. இனிமே என் நரம்பு தாங்காது."

அவள் டெஸ்டரோடு ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றினாள். டெஸ்டரை ஹோல்டரின் மரையில் வைத்தாள், அதன் விளக்கு எரியவில்லை. நடுப்பின்னில் வைத்தாள், பளிச்சென்று எரிந்தது.

"போன ஞாயிறு என்னையும் கடிச்சுது. மெயினை இறக்கிட்டு ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டுட்டேன். நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

குமாஸ்தா சோபாவில் கிடந்தபடியே யோசித்தார்.

"அப்ப இது பழைய ஷாக்கா இருக்கும். உள்ளேயே தங்கியிருந்து இப்ப வெளிய வந்திருக்கு."

மனைவி பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பிறகு, அவர் சற்றும் எதிர்பாராத கருணையோடு, அந்தக் கையால் இனி ஒயரைத் தொடவே வேண்டாம் என்றும், பதினொன்றையும் தானே மாட்டிவிடுவதாகவும் சொன்னாள். குமாஸ்தாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தலையணையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

"கிளம்புங்க, ஏணியப் பிடிக்க ஆள் வேணும்," என்றாள் அவள். "மூங்கில் ஏணிதான். கரண்ட் பாயாது."