நூலகச் சுவரும் ஒரே ஒரு யோசனையும்

இந்த இனத்தைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒரு லாரி மணல் கொட்டினால் போதும். புழுதி அடங்குவதற்குள், கையில் குடையும் கக்கத்தில் சுருட்டிய செய்தித்தாளுமாக ஒருவர் வந்து நிற்பார். கட்டப்போகிற வீடு அவருடையது அல்ல. மணலும் அவருடையது அல்ல. ஆனாலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். அவர்தான் யோசனைக்காரர்.

வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான்: "நான் ஒண்ணும் சொல்ல வரலை. ஒரே ஒரு யோசனை." அந்த ஒன்று என்றைக்காவது ஒன்றோடு நின்றிருக்கிறதா?

மைசூர் விஜயநகரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற பிரதிநிதி ஜெயகிருஷ்ணன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனிதர் தங்கம், அதில் சந்தேகமில்லை. தொண்ணூற்றைந்தில் எங்கள் பொது நூலகத்தைப் புதுப்பித்து விரிவாக்க உத்தரவு வந்தபோது, எங்களைவிட அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான்.

நூலகம் என்றால் அப்போது இரண்டே அறைகள். முன்னறையில் செய்தித்தாள் மேஜை; அதைச் சுற்றிக் காலை முதல் மாலை வரை அசையாத ஓய்வூதியக்காரர்கள். பின்னறையில் புத்தகங்கள், அவற்றுக்கு மேலே ஒழுகும் ஓடுகள். வங்கித் தேர்வுக்குப் படிக்க வந்த தாரணியும் அவள் தோழிகளும் வாசற்படியில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நூலகர் கனகலக்ஷ்மிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மேலிடத்துக்கு நடையாய் நடந்து, புது ஹாலோடு பெண்களுக்கென்று ஒரு படிப்பறையும் சேர்த்துக் கட்ட அனுமதி வாங்கிவிட்டார். மழைக்கு முன் கூரை போட வேண்டும். தாரணியின் தேர்வுக்கு முன் அறையைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த அம்மாளின் ஆசை.

கௌதள்ளியிலிருந்து கொத்தனார் சித்தையன் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். படிப்பறையின் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியது. குடையும் வந்தது.

"என்னப்பா, ஜன்னல் மேற்கே பார்க்குதே? நான் ஒண்ணும் சொல்ல வரலை. ஒரே ஒரு யோசனை. சாயங்கால வெயில் பட்டா புத்தகமெல்லாம் வெளுத்துப் போகுமே?"

"அடைச்சுப் போடட்டுங்களா?"

"அடைச்சா நல்லது."

அடைத்தார்கள். மறுநாள் அதே குடை, அதே இடம். "அடடா, காத்தே வராது போலிருக்கே! புத்தகத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி வந்துடுமே?"

"ஒடைச்சுப் போடட்டுங்களா?"

உடைத்தார்கள். அதற்கடுத்து வாசல், வாஸ்துப்படி வடகிழக்குக்கு நகர்ந்தது. அங்கே சாக்கடை வாடை அடிக்கிறது என்று பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்த வாசலில் உயரமானவர்கள் தலை இடிக்குமே என்று அவர் கவலைப்பட்டதும், அதன் நெற்றியையும் பெயர்த்தார்கள். சுவர் வளர்ந்த வேகத்தைவிடக் குறைந்த வேகம்தான் அதிகம்.

அந்த மனிதர் சொன்னால் இவர்கள் ஏன் கேட்டார்கள் என்கிறீர்களா? கனகலக்ஷ்மியும் அதைத்தான் கேட்டார்.

"யார் சொல்லி இடிக்கிறீங்க?"

"நம்ம இன்ஜினியர் சொன்னாருங்கம்மா."

"எந்த இன்ஜினியர்?"

"அதானுங்க, பிளானைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுட்டு வருவாரே."

சித்தையன் மேல் தப்பில்லை. உண்மையான இன்ஜினியரோ ஸ்கூட்டரை அணைக்காமலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர். தினமும் வேலை தொடங்கும்போதே வந்து, ஒரு செங்கல்லையும் தொடாமல், கட்டியதை எல்லாம் குறை சொல்கிறவரைச் சித்தையன் வேறு என்னவென்று நினைப்பார்? உண்மை தெரிந்த பிறகும் அவருக்குச் சங்கடம் போகவில்லை. "பெரியவர் பேச்சைத் தட்ட மனசு வரலீங்களே" என்று தலையைச் சொறிந்தார்.

சாமுண்டி மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தாரணி படியில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தாள். அன்று மாலை கனகலக்ஷ்மி, ஜெயகிருஷ்ணனின் வாழ்க்கையில் யாருமே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். அவரிடம் போய் யோசனை கேட்டார்.

"சார், பேப்பர் மேஜையை எங்க போடலாம்? நீங்க சொல்ற இடம்தான். ஸ்வல்ப யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"நான் சொன்னா அதுதான் முடிவா?"

"அதுதான் முடிவு."

ஜெயகிருஷ்ணனுக்கு வியர்த்துவிட்டது. கேட்காதபோது சொல்வதில் என்ன கஷ்டம்? பலித்தால் "நான் அன்னிக்கே சொன்னேனே!" பலிக்காவிட்டால் கட்டியவன் பாடு. கேட்டு வாங்கிய யோசனை அப்படியா? நாளைக்கு மேஜைமேல் மின்விசிறிக் காற்று வராவிட்டால் ஊரே அவர் பெயரைச் சொல்லுமே! மனிதர் வீட்டோடு அடங்கிப்போனார். சாப்பாட்டு மேஜையை இழுத்து ஜன்னலோரம் போட்டுப் பார்த்தார். கதவோரம் போட்டுப் பார்த்தார். "தட்டை எங்க வைக்கட்டும்?" என்று கேட்ட மனைவி ஆண்டாளிடம், "யோசிக்கணும்" என்றார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் ஜன்னலாக நின்றது. வாசல் வாசலாக நின்றது. கூரையும் ஏறிவிட்டது. முதல் மழை கொட்டித் தீர்த்த அன்று, ஒரு சொட்டும் ஒழுகாத புது ஹாலில் நின்று நாங்கள் குழந்தைகளைப் போலக் கை தட்டினோம்.

படிப்பறையைத் திறந்த அன்று, ஜெயகிருஷ்ணன் முடிவோடு வந்தார். "எல்லாக் கோணத்துலயும் பார்த்துட்டேன். பேப்பர் மேஜைக்கு அந்தச் சின்ன ரூம்தான் சரி!"

பெண்களின் அறை! கொடுத்த வாக்கை நினைத்துக் கனகலக்ஷ்மிக்கு முகம் வெளுத்தது. உள்ளே ஏற்கெனவே தோழிகளோடு படித்துக்கொண்டிருந்த தாரணி, பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்து வாசற்படிக்குப் போகத் தயாரானாள். "நீங்க உக்காருங்க அங்கிள்."

ஜெயகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். அவள் மார்போடு அணைத்திருந்த புத்தகங்களைப் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார்.

"நீ உக்காரும்மா. நான் ஒண்ணும் சொல்ல வரலை. ஒரே ஒரு யோசனை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கோ. இப்படியே உக்காந்தா எழுதற கையோட நிழல் நோட்டுல விழும்."

அவள் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நிழல் விழவில்லை. இந்த இனத்தோடு உள்ள பெரிய தொல்லையே இதுதான்: எப்போதாவது சரியாகச் சொல்லித் தொலைப்பார்கள். அன்றைக்கு எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

செய்தித்தாள் மேஜை மட்டும் ஹாலின் நட்டநடுவில், போகிற வருகிறவர்களின் இடுப்பை இடித்தபடி, அவருடைய அடுத்த முடிவுக்காகக் காத்திருக்கிறது.

"ஏன், ஜன்னலோரம் போட்டால் என்ன?" என்கிறீர்களா?

உங்களை யாராவது கேட்டார்களா?