பாய்லரை ஆறவைக்கப் பார்த்த கம்பெனி

‘ங்க’ போட்டே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று நிரூபித்தவர் உலகத்திலேயே எங்கள் பாய்லர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் சூலூர் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். பாய்லர் அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர். நிஜப்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே கொதிக்க ஆரம்பிப்பார். சாயங்காலம் சங்கு ஊதும்வரை ஆறமாட்டார். ஆனால் மரியாதை மட்டும் இம்மியும் குறையாது.

“ஏனுங்க கண்ணு, கண்ணு தெரியலீங்களா? இது போல்ட்டுங்களா, பொரி உருண்டைங்களா? இதை வாங்கிப்போட்ட முட்டாள் நீங்கதானுங்களா? ரொம்பச் சந்தோசமுங்க!”

அந்த முட்டாள் நான்தான். ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில் அதிர்ந்துபோன டைப்பிஸ்ட் அம்மணி, அறிக்கையில் ‘முதலாளி’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘முதலை’ என்று அடித்துவிட்டார். பெரிய முதலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு சின்ன முதலாளி வெளிநாட்டில் படிப்பு முடித்து வந்தார். கூடவே மோட்டிவேஷன் வந்தது. சுவரெல்லாம் கழுகுப் படம், சிங்கப் படம். தினமும் காலையில் வட்டமாக நின்று, ‘நாம் ஒரே குடும்பம்’ என்று கத்திக் கைதட்ட வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. என்ன குடும்பம் சார் அது? ஒருத்தருக்கு ஏசி அறை, மற்றவர்களுக்குத் தண்ணீர் வராத கக்கூஸ்!

டை கட்டிய நிபுணர் ஒருவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டுமாம், நண்பர்கள் தாங்கிப் பிடிப்பார்களாம், அதில் நம்பிக்கை வளருமாம். முதலில் பாய்லரைக் கூப்பிட்டார்.

“உழுகாம நிக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளம். நீங்க வேணா உழுவுங்க, நாங்க பாத்துக்கறோம்.”

நிபுணர் செய்துகாட்டச் சாய்ந்தார். பிடிக்க வேண்டிய நாங்கள் பழக்கதோஷத்தில் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவர் சின்ன முதலாளியிடம் தீர்ப்புச் சொன்னார்: “உங்க மேனேஜருக்குக் கோபம் அதிகம். தலைவனுக்கு அது ஆகாது.” உடனே பாய்லரை ஒரு வாரம் ஊட்டிக்கு, தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

தகடு வெட்டும் பிரஸ்ஸில் கை உள்ளே போகாதபடி ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. அதைக் கழற்றினால் வேலை வேகமாக ஓடும். சின்ன முதலாளி பலமுறை கேட்டிருக்கிறார். “கழட்டலாமுங்க. முதல்ல உங்க கையை உள்ள வெச்சுக் காட்டுங்க” என்பார் பாய்லர். இப்போதுதான் கேட்க ஆளில்லையே! கழற்றினார்கள். பிரஸ்ஸில் நின்ற அந்தோணிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றது ஆபீஸ். பாவிகள்!

ஊட்டியிலிருந்து வந்த பாய்லருக்கு வாட்ச்மேன் கேட்டிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கூரை பறக்கும் என்று காத்திருந்தோம். அவரோ நேராகப் பிரஸ் பக்கம் நடந்தார். ஸ்பேனரை எடுத்துப்போய், தன் கையாலேயே தடுப்பை மறுபடி முடுக்கினார்.

அடுத்த வாரம் கம்பெனியில் குடும்ப விழா. கட்டுப்போட்ட கையோடு வந்த அந்தோணியைச் சின்ன முதலாளி மேடையில் ஏற்றி, சால்வை போட்டார். “விபத்தையும் சிரிச்ச முகமா ஏத்துக்கிட்ட நம்ம அந்தோணி! எல்லாரும் பலமா ஒரு கைதட்டல்!”

அந்தோணி சிரிக்கவே இல்லை.

பாய்லர் எழுந்தார். “ஏனுங்க சின்னவரே, அந்தோணியும் நம்ம குடும்பந்தானுங்களே? முதல்ல அவரைத் தட்டச் சொல்லுங்க. அப்பறம் நாங்க தட்டறோம்.”

பாய்லர் மேடைப் பக்கம் நடந்துகொண்டே தொடர்ந்தார்.

“தடுப்பைக் கழட்டச் சொன்னது நீங்க. பாத்துக்க வேண்டியவன் ஊட்டியில உக்காந்து மூச்சை இழுத்து உட்டுட்டு இருந்தேன். கவனக்குறைவு நம்ம ரெண்டு பேருதுங்க. அதை அந்த மைக்குலயே சொல்லிப்போடுங்க.”

சின்ன முதலாளி தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் இருந்த பெரிய முதலாளி மெதுவாக மேடையேறி, மகன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “தப்பு கம்பெனியுதுங்க, அந்தோணி” என்றார். அந்தோணிக்குக் கடைசிவரை வேலை உண்டு என்று அன்றைக்கே முடிவானது. அவரை டூல் ரூமுக்கு மாற்றினார்கள்.

பாய்லருக்கும் முடிவானது. மாதக் கடைசியோடு கிளம்பச் சொன்னார்கள். குழுவோடு ஒத்துப்போகும் மனப்பான்மை இல்லையாம்! கூட வேலை செய்கிறவன் விரல் போனால்கூடக் கோபம் வராதவன்தான் தலைவன் என்றால், அந்தத் தலைவனைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள்.

போகிற அன்று ஸ்டோர்ஸுக்கு வந்தார். நான் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அழுகறதுக்கு இது நேரமுங்களா? லாரி நிக்குது, சரக்கை எறக்குங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் கம்பெனியில் யாரும் யாரையும் திட்டவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.