மூக்கால் படித்த மேடமும் மீசை வைத்த பூசணிகளும்

இலையுதிர் காலத்தை ஒருநாள்கூடக் கண்ணால் பார்க்காமல், அதை எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கே யோசனை சொன்னவன் நான். ஆந்திர எல்லையோரம், எங்கள் சத்தியவேட்டில் அக்டோபர் என்றால் மழை. மரமெல்லாம் அப்போதுதான் குளித்துவிட்டுப் பச்சைப்பசேலென்று நிற்கும். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

அந்த முட்டாள்தனத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டவர் எங்கள் பள்ளி நூலகர், மோப்பம் மேடம். பெயர் வைத்தது ஐந்தாம் வகுப்பு, பரப்பியது நான். உலகத்தில் மற்ற எல்லோரும் புத்தகத்தைக் கண்ணால் படிக்கிறார்கள். மூக்கால் படித்த ஒரே பிறவி அவர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

பிள்ளைகள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், நடுப்பக்கத்தைத் திறந்து மூக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார்.

"கருவாட்டுக் கொழம்பு. துன்னுக்கினே படிச்சியா?"

பையன் தலையைக் குனிவான்.

"படிச்ச இல்ல? அப்ப பரவால்ல. அடுத்தது எடுத்துக்கோ."

கறையோடு வந்த புத்தகத்துக்கு அவரிடம் திட்டு கிடையாது. சுத்தமாகத் திரும்பி வரும் புத்தகத்துக்குத்தான் திட்டு. நான் ஒருமுறை மூன்று வாரம் வைத்திருந்து பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்தார்.

"அந்துருண்ட வாசன. பீரோவ உட்டு வெளியவே வர்ல போலகீது."

உண்மை. என் வேட்டிகளுக்கு நடுவில் அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில், தசரா லீவு முடிந்து ஒரு ஸ்டாஃப் மீட்டிங். கரஸ்பாண்டென்ட் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர். "மூணாங்கிளாஸ்லேருந்தே ஐஐடி ஃபவுண்டேஷன் ஸ்டார்ட் செய்யணும். ஆ லைப்ரரி ரூமு சாலு. அங்க எவுரு வராங்க?" என்றார். நூலக அறை போதுமாம். அறை போனால் மேடமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மேடம் தன் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேஜைக்கு அடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ அமெரிக்காவில் ஒரு ஆரம்பப் பள்ளி நூலகம், இலையுதிர் காலத்துக்கும் ஹாலோவீனுக்கும் பிள்ளைகளை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பட்டியல் போட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், லைப்ரரியில ஹாலோவீன் ஆக்டிவிட்டி வைக்கலாம் சார்" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

கரஸ்பாண்டென்டுக்கு அந்தப் பெயரின் சத்தம் பிடித்துப்போயிற்று. "நெலாக்கரி, மாசக் கடைசி வெள்ளிக்கிழம வைங்க. நானே வந்து பாக்கறேன். பசங்க வந்தா லைப்ரரி உண்டு. வரலன்னா பெஞ்சு போட்டுடலாம்."

ஆக, ஒரு பெண்மணியின் வேலையை என் போனில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே வந்ததும் மேடம் கேட்டார்.

"இன்னா சார் அது, ஹாலோவீனு?"

"பேய்ப் பண்டிகை மேடம்."

"நம்மூர் பேய விருந்துக்குக் கூப்ட்டா திரும்பிப் போவாதே சார்."

சொல்லிவிட்டு, வெளியே போன புத்தகங்களை எல்லாம் திருப்பிக் கேட்டுவிட்டார். "ரூமு போச்சின்னா ஒண்ணும் கொறையாம ஒப்படைக்கணும்." அன்றிலிருந்து யாருக்கும் புத்தகம் எடுத்துப்போகக் கொடுக்கவில்லை.

பட்டியலில் முதல் யோசனை, உதிர்ந்த இலைகளைக் குவித்து அதன்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் செய்வது. இலை வேண்டும் என்று பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பினேன். மறுநாள் விஜயபுரத்திலிருந்து ஒரு பையனின் அப்பா, டூவீலரே தெரியாத அளவுக்கு ஈர வேர்க்கடலைக் கொடியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எல கேட்டீங்கன்னு பையன் சொன்னான். எத்தினி மாடு சார்?"

"மாடு இல்லீங்க. பிள்ளைங்க அதுமேல உக்காந்து படிக்க."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு கொடியை மறுபடி வண்டியில் கட்டிக்கொண்டு, மகனையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டார். பையன் இரண்டு நாள் வரவில்லை.

இரண்டாவது யோசனை பூசணிக்காய். கதையில் வருகிறவர்களின் முகத்தை அதில் வரைய வேண்டும். 'லைப்ரரிப் பேய்ப் பண்டிகைக்கு, முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்று' என்று டைரியில் எழுதினேன். எங்கள் பக்கம் முகம் வரைந்த பூசணிக்காய்க்கு ஒரே ஒரு அர்த்தம்தான். திருஷ்டி. ஆயுத பூஜைக்குப் பழகிய கை எல்லா வீட்டிலும் சூடு ஆறாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும் முறுக்கு மீசையுமாக வரிசையாக வந்து இறங்கின. சிலவற்றின் தலையில் கற்பூரம் வேறு. சர்ச்சுக்குப் போகும் குடும்பத்துப் பெண் ஒருவர் மட்டும் வெறும் காயைக் கொடுத்து, "எங்க வூட்ல இதெல்லாம் கெடையாது சார். ஜெபம் பண்ணி அனுப்பிக்கீறோம்" என்றார்.

இன்னொரு அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள், மகளை மூன்று சுற்றுச் சுற்றி, நூலக வாசற்படியிலேயே காயைப் போட்டு உடைத்தார். குங்குமம் நாலாபக்கமும் தெறித்தது.

"இன்னாங்க இது?"

"பேயி இருக்கற ரூமுக்குப் புள்ளைய சும்மா எப்பிடி சார் அனுப்பறது?"

பத்து மணிக்கு, நூலகத்தில் பேய் இருக்கும் செய்தி பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. உடைந்த பூசணிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ஒரு கால்கூட அதைத் தாண்டவில்லை. பதினோரு மணிக்குக் கரஸ்பாண்டென்ட் வருவார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தூண் என்னைவிட ஒல்லி.

மேடம் வெளியே வந்தார்.

"உள்ள பேயி இருக்குதா மேடம்?" என்றாள் ஒரு சிறுமி.

"இருக்குது."

நான் தூணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"எங்க மேடம்?"

"ஏதோ ஒரு புக்குல பூந்துக்கினு இருக்குது. எதுலன்னு எனக்கே தெரில. நான் ஒருத்தி எத்தினிதான் மோந்து பாக்கறது? வந்து தேடுங்க. பேயி இல்லன்னா, அதுல வேற இன்னா இருந்திச்சின்னு எங்கிட்ட வந்து சொல்லணும். சும்மா பொரட்டிட்டு வந்தீங்க, மூக்கு சொல்லிடும்."

மூக்கு சொல்லிவிடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும். பூசணியை மிதித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்தது.

கரஸ்பாண்டென்ட் பெஞ்சுக்கு அளவெடுக்கத் தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கால் வைக்க இடமில்லை. தரையில், ஜன்னலில், பீரோவுக்கு அடியில், எங்கும் விரித்த புத்தகமும் அதில் கவிழ்ந்த தலையும். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றவரை ஒரு பொடியன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஜரகண்டி, ஜரகண்டி" என்று கையால் ஒதுக்கினான். திருமலைச் சந்நிதியைத் தவிர வேறெங்கும் யாரும் அவரிடம் சொல்லத் துணியாத வார்த்தை. அவர் பழக்கதோஷத்தில் நகர்ந்துவிட்டார்.

"பேயி தொரிகிந்தா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

"இன்னும் கிடைக்கல. ரெண்டு பீரோ பாக்கி சார்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், தச்சரிடம் திரும்பி, "வேற ரூம் பாக்கலாம்" என்றார்.

மீசைப் பூசணிகளை மேடம் ஹாஸ்டல் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். "தோலச் சீவுனா மீச போயிடும்" என்றார். இரண்டு நாள் கூட்டு.

இப்போது நான் திருப்பதியில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். புதுப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் முதலில் மூக்கில்தான் வைக்கிறேன். எனக்கு ஒரு வாசனையும் தெரிவதில்லை. ஆனாலும் வைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, அவர் கேட்டும் நான் மட்டும் திருப்பித் தராமல் பாக்கி வைத்திருந்த புத்தகத்தோடு மேடத்திடம் போனேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. "மேடம், நான் அடிச்ச கூத்துல உங்க வேலையே போயிருக்கும். நீங்க என் மானத்தையும் சேத்துக் காப்பாத்திட்டீங்க. இதை நான் சாகற வரைக்கும்..."

அவர் நடுப்பக்கத்தைத் திறந்து ஓர் இழுப்பு இழுத்தார். மூடினார். என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"படிக்கல. எடுத்துக்கினு போ சார்."