பாவற்காய்ச் சாறு சம்பந்தமாக மாமிக்கு ஒரு விண்ணப்பம்

ரெக்ஸ்டேல்,
ஞாயிறு இரவு

மிகுந்த மதிப்புக்குரிய வேரோனிக்கா மாமிக்கு,

உங்கள் இளைய மருமகள் கிறிஸ்ரினா வணக்கத்துடன் எழுதுவது. அஜக்ஸில் நீங்களும் மூத்த மகன் இக்னேசியஸ் அண்ணையும் மூத்த மருமகள் கரோலின் அக்காவும் மாதாவின் துணையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் பிள்ளை ஜெசிகாவும் சுகம். உங்கள் மகன் றூபனும் சுகமாகத்தான் இருக்கிறார். அதைக் கொம்பனி நம்ப மறுப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

ரெலிபோன் எடுக்காமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், மாமி. குறையாகச் சொல்லவில்லை. போன முறை ஜெசிகாவுக்கு வயிற்றோட்டம் என்று உங்களுக்கு மட்டும் சொன்னேன். அடுத்த நாள் பூசை முடிந்து வரும்போது கோவில் வாசலில் நாலு பேர் விசாரித்தார்கள். அதில் ஒருவர் யாரென்றே எனக்குத் தெரியாது. கடிதம் என்றால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தனியாக வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சாமான் ரயிலில் கொண்டக்டர். டிக்கெற் கிழிக்கிற வேலை இல்லை, மாமி; அஜக்ஸில் சிலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெட்டிகளைக் கொழுவி, கழற்றி, ட்றைவருக்குப் பக்கத்திலிருந்து சிக்னல் பார்த்து, அந்த ரயிலுக்கே பொறுப்பாகப் போகிற வேலை. ஆனபடியால் சில வருடங்களுக்கு ஒருமுறை கொம்பனி உடம்பைச் சோதிக்கும். முந்திய சோதனைகள் கண்ணுக்கும் காதுக்கும்தான். இந்த முறை குடும்ப வைத்தியர் சீனி வருத்தத்தின் எல்லைக்குக் கிட்ட நிற்கிறது என்று எழுதிவிட்டதால் இரத்தமும் எடுப்போம் என்றார்கள். இதை அவர் வீட்டோடு வைத்திருக்கலாம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, கோழிக்கறியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அன்பினால் நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் ஐஸ்கிறீம் டப்பாக்களில் பாவற்காய்ச் சாறு அனுப்பினீர்கள், வெறுவயிற்றில் குடிக்கச் சொல்லி. கரோலின் அக்கா சோற்றை மறிக்கச் சொல்லிக் குரக்கன் பிட்டு அனுப்பினா, அதுவும் ஒரு பிடி. இக்னேசியஸ் அண்ணை காரை விட்டுவிட்டு நடக்கச் சொன்னார். கீழ் வீட்டுத் தம்பிமுத்து அங்கிள் வெந்தயம் ஊறவைத்த தண்ணீரை ஒவ்வொரு காலையும் கதவைத் தட்டிக் கொடுத்தார். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது, ஏனென்றால் சீனியைக் குறைத்தது தான்தான் என்று பிறகு சொல்லவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. உங்கள் மகனுக்கோ ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. இதற்கிடையில் தவக்காலமும் வந்து, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியோடு மீனும் இல்லை என்றாகிவிட்டது. சோதனையன்று காலை அவர் சாற்றைக் குடித்து, வெந்தயத் தண்ணீரைக் குடித்து, கிளினிக்குக்கு நடந்தே போய், கதிரையில் இருந்து, சட்டைக் கையை மடித்து, நேர்ஸ் இரத்தம் எடுக்கக் கையில் றப்பரைக் கட்டியதும் அப்படியே பக்கத்தில் சரிந்துவிட்டார்.

எழுப்பித் தண்ணீர் கொடுத்த கொம்பனி டொக்டர், இதற்கு முன் தலை சுற்றினதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இவர் மரியாதைக்கு, "கொஞ்ச நாளாய் இடைக்கிடை" என்றாராம். டொக்டர் காரணம் தெரியாத மயக்கம் என்று எழுதிவிட்டார். காரணம் தெரியாத மயக்கம் உள்ளவரை ரயிலில் ஏற்ற முடியாது என்று கொம்பனி சொல்லி, ரயில் யாட்டில் ஒரு மேசை கொடுத்தது. மற்றக் கொண்டக்டர்மார் வேலைக்குப் போகும்போது கையுறையும் றேடியோவும் எடுத்துக் கொடுப்பதுதான் இப்போது அவருடைய வேலை. கொம்பனி அதைத் தகுந்த மாற்று வேலை என்கிறது. யூனியன் அதைத் தண்டனை என்கிறது. இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தரைப் போட்டு, வருகிற புதன் விட்டு அடுத்த புதன்கிழமைக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். அதில் தோற்றால் அந்த மேசைதான் நிரந்தரம்.

உண்மையைச் சொன்னால், மாமி, முதலாவது கிழமை எனக்குச் சந்தோசம். நேரத்துக்கு வருகிறார், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், சாமத்தில் ரெலிபோன் அடித்து எழுப்பி யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பிறகுதான் பார்த்தேன், மனுசன் ரயிலை வீட்டுக்குள் ஓட்டத் தொடங்கிவிட்டார். ரயிலில் சிக்னல் கண்டால் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அது அவர்களுடைய சட்டம். காரில் நான் ஓட்டினால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு லைற்றுக்கும் "கிறீன், போகலாம்" என்கிறார். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் முகம் கறுக்கிறது. ஜெசிகா பிடித்துக்கொண்டாள். போன ஞாயிறு நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது, பீடத்துக்குப் பக்கத்தில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்து, "றெட், நில்லுங்கோ" என்று கோவில் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் போன அன்ரி உண்மையாகவே நின்றுவிட்டா. ஃபாதரும் ஒரு கணம் கையை நிறுத்தினார். உங்கள் மகன் ஒருவர்தான் பெருமையாகத் தலையாட்டினார்.

இது சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாத பகுதி, அவர் சாப்பிடும்போது ஒன்றும் பேசுவதில்லை. தூரத்தில் ரயில் கூவினால் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு, "உது லேற்" என்கிறார். அவ்வளவுதான் அன்றைக்கு வீட்டில் பேச்சு.

நேற்று யூனியன் பிரதிநிதி அலெக்ஸாண்டர் அண்ணை வந்தார், எங்கள் மன்னார் ஆள்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துவிட்டு நானும் இருந்து கேட்டேன்.

"தங்கச்சி, கேஸ் வெல்லுறது சுகம்," என்றார். "காரணம் தெரியாத மயக்கம் எண்டுதானே அவங்கள் நிக்கிறாங்கள். காரணத்தைக் காட்டினால் காணும். ஆர் என்ன குடுத்தது?"

நான் டப்பாக்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினேன்.

"மரியாயே," என்றார். "உவ்வளவும் குடிச்சவனோ? நானெண்டால் கிளினிக்குக்குப் போய்ச் சேந்திருக்கவே மாட்டன். சரி, குடுத்த ஆக்களிலை ஒராள் வந்து சொல்லவேணும். அம்மா வருவாவோ?"

"அம்மாவை இழுக்காதேங்கோ அண்ணை," என்றார் உங்கள் மகன், தலை நிமிராமல்.

"இழுக்கேல்லையடா, சாட்சிதானே."

"வேண்டாம். கையுறை குடுத்துக்கொண்டே இருப்பன். அம்மா அங்கை வரக்கூடாது."

"உனக்கென்ன விசரே? றெயிலை விட அம்மான்ரை சாறு பெரிசோ?"

"அதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

அலெக்ஸாண்டர் அண்ணை என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மாமி. பெற்ற தாயின் பெயர் கொம்பனிக் கேஸில் வரக்கூடாது என்பதற்காகத் தன் வேலையையே விடத் துணிந்த பிள்ளை. நீங்கள் அஜக்ஸில் நான் சமைத்துக் கொடுக்காததால்தான் அவர் விழுந்தார் என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதைப்பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகையால் என் பணிவான வேண்டுகோள் இதுதான். அவருக்குச் சொல்லாமல் அந்தப் புதன்கிழமை காலை வந்து, நீங்கள்தான் சாறு கொடுத்தீர்கள் என்று மத்தியஸ்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இக்னேசியஸ் அண்ணை கூட்டிவருவார். மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். உங்களை ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள், அலெக்ஸாண்டர் அண்ணை அதற்குப் பொறுப்பு. ஒரு பெண்ணாக, ஒரு தாயாக, உங்களால் மட்டும்தான் இது முடியும்.

அண்ணைக்கும் அக்காவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். ஜெசிகா அப்பம்மாவுக்கு முத்தம் தரச் சொன்னாள். உங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
கிறிஸ்ரினா

பி.கு.: திங்கள் பின்னேரம். மேலே எழுதிய ஒன்றையும் வாசிக்காதேங்கோ, மாமி. நீங்கள் காலமை ரெலிபோன் எடுத்தபோது என் வாய் நிற்கவில்லை, நேர்ஸ் ஊசி குத்த றப்பர் கட்டினதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் போடாமலே சமையலறை முழுக்கக் கேட்டது. "ஊசியோ? ஊசி எண்டு ஆர் எனக்குச் சொன்னது? கிளினிக்கிலை விழுந்தனான் எண்டுதானே சொன்னவன். பிள்ளை, உவன் ஊசியைக் காட்டினாலே விழுவான். பள்ளிக்கூடத்திலை தடுப்பூசி போட வந்த அண்டைக்கு, இன்னொரு பெடியனுக்குக் குத்தினதைப் பாத்தே விழுந்தவன். என்ரை சாறு ஒருத்தரையும் விழுத்தாது," என்றீர்கள். ஜெசிகாவுக்குத் தடுப்பூசி போடுகிற நாளெல்லாம் இந்த மனுசன் பார்க்கிங் தேடிப் போய்த் திரும்பி வராதது ஏனென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது விசாரித்தால், டொக்டர் அன்று ஊசிக்குப் பயமா என்றும் கேட்டிருக்கிறார். இவர் சீச்சீ என்றிருக்கிறார். அம்மா வரக்கூடாது என்றதும் அம்மாவின் மரியாதைக்காக இல்லை, அம்மா வந்தால் இது வெளியில் வந்துவிடும் என்றுதான். அலெக்ஸாண்டர் அண்ணையிடம் சொன்னேன். ஊசிக்கு மயங்குகிறது நோய் வருத்தமே இல்லை, ரயிலில் ஒருவரும் ஊசி போடப்போவதில்லை, இது ஒன்றே காணும் என்கிறார். எனவே புதன்கிழமை கட்டாயம் வாங்கோ, ஆனால் பாவற்காய் என்ற சொல்லையே எடுக்காதேங்கோ, பள்ளிக்கூடக் கதையை மட்டும் சொல்லுங்கோ. உங்கள் மகன் குசினி வாசலில் நின்று, அவ்வளவு பேருக்கு முன்னால் ஊசி என்று சொல்லாமல் வேறு ஏதும் நல்ல வருத்தமாய்ச் சொல்ல முடியாதோ என்று கேட்கச் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.